அக்காகிட்ட கேளுங்க: "நான் கம்ப்ளைன்ட் பண்ணா நானும் அவங்கள மாதிரிதானே?"

போன இதழ்ல அமெரிக்காவுல 1692ல நடந்த சேலம் சூனிய வழக்கு பத்தி ஒரு கேள்விக்கு நாலு வரி பதில் எழுதியிருந்தேன் (நம்மூர் சேலம் இல்லைங்க, மாசசூசெட்ஸ் சேலம்; சூனியக்காரங்கன்னு புகார் சொல்லி 19 பேரைத் தூக்குல போட்ட வழக்கு). அதுக்கு இவ்ளோ லெட்டர் வரும்னு நினைக்கல. அதுல ஒண்ணு ஒரு ஸ்கூல் பொண்ணு எழுதினது, மத்த எதையும் தள்ளி வெச்சிடலாம் இதைத் தள்ள முடியாது, அதனால அதுக்குத்தான் இந்தத் தடவை நிறைய இடம்.

கேள்வி: அக்கா, எனக்கு 15 வயசு. மாசசூசெட்ஸ்ல இருக்கோம். அம்மா தமிழ், அப்பா இந்த ஊர்க்காரர், அவர் குடும்பம் 1600கள்லயே இங்கிலாந்துல இருந்து கப்பல்ல வந்தவங்க. எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது, நான் சொல்லச் சொல்ல அம்மா டைப் பண்றாங்க. ஹிஸ்டரி கிளாஸ்ல ஃபேமிலி ட்ரீ ப்ராஜெக்ட் குடுத்தாங்க. அப்பாவோட அம்மா வெச்சிருந்த பழைய பேப்பரெல்லாம் எடுத்துப் பார்த்தா, சேலம் கேஸ்ல பக்கத்து வீட்டுக்காரங்களை சூனியக்காரின்னு புகார் குடுத்து கையெழுத்துப் போட்டவங்கள்ல எங்க முன்னோர் ஒருத்தர் இருக்கார். இன்ட்ரஸ்டிங்கா இருக்கேன்னு கிளாஸ்ல எழுந்து சொல்லிட்டேன். அதே கிளாஸ்ல இருக்குற ஒரு பொண்ணோட முன்னோரை அந்தக் கேஸ்லதான் தூக்குல போட்டாங்களாம். அன்னைலேர்ந்து நான் உள்ள வந்தாலே ரெண்டு மூணு பேர் தரையில விழுந்து புரண்டு "கிள்றா கிள்றா"ன்னு கத்துவாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. லஞ்ச்ல நான் உக்காந்தா டேபிளே காலியாகும். குரூப் சாட்ல என் போட்டோவைத் தூக்குக் கயிறோட எடிட் பண்ணிப் போட்டாங்க. கொலைகாரக் குடும்பம்னு எழுதுறாங்க. என் பெஸ்ட் ஃப்ரெண்டும் அந்த குரூப்ல இருக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறா. காலைல ஸ்கூலுக்குக் கிளம்பும்போதே வயித்தை வலிக்குது. அம்மா ஸ்கூல்ல கம்ப்ளைன்ட் பண்ணலாம்ங்குறாங்க. ஆனா எங்க முன்னோர் பண்ணதும் அதானே அக்கா, பேரை எழுதிக் குடுத்ததுதானே? நானும் பேரை எழுதிக் குடுத்தா "பாரு, ரத்தம் பேசுது"ன்னு சொல்ல மாட்டாங்களா? சில நேரம் எனக்கு இது வேணும்தான்னு கூட தோணுது. அப்பா "முன்னூறு வருஷக் கதை, விடு"ன்னு சிரிக்கிறார்.

பதில்: கம்ப்ளைன்ட் பண்ணுடா கண்ணா. இந்த வாரமே. முதல்ல அதைச் சொல்லிடுறேன், ஏன்னு அப்புறம் பேசலாம், கொஞ்சம் நீளமாவே பேசுவேன், ஏன்னா உன்னைத் தடுக்குறது பயம் மட்டும் இல்ல, ஒரு நியாயமான யோசனை அது, அதுக்கு சரியா பதில் சொல்லாம "தைரியமா இரு"ன்னு சொல்லி அனுப்பினா அது பதிலே கிடையாது.

1692ல புகார்னா என்னன்னு பாரு. சேலம் வில்லேஜ்ல, அதாவது இன்னைக்கு டான்வர்ஸ்னு சொல்ற ஊர்ல, பாதிரியார் சாமுவேல் பாரிஸ் வீட்டுல 9 வயசு பெட்டி, 11 வயசு அபிகெய்ல்னு ரெண்டு பொண்ணுங்களுக்கு உடம்பு முறுக்கிக்குது, கத்துறாங்க, டாக்டர் பார்த்துட்டு ஏதோ கெட்ட சக்தின்னுட்டார். பிப்ரவரி 29ம் தேதி மூணு பேருக்கு வாரன்ட் வருது: டிடுபா, சாரா குட், சாரா ஆஸ்போர்ன். ஒருத்தி அடிமை, ஒருத்தி வீடு வீடாப் போய் கையேந்துறவ, ஒருத்தி ரொம்ப நாளா உடம்பு முடியாம சர்ச்சுக்கே போகாதவ. ஊர்ல யாருக்கு ஆள் பலம் இல்லையோ அவங்க பேருதான் முதல்ல வந்துச்சு. சாட்சி என்ன? இவ உருவம் ராத்திரி என் ரூமுக்கு வந்து கிள்ளுச்சு, ஆனா என் கண்ணுக்கு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. ஆவி சாட்சி. அந்தம்மா அந்த நேரம் தன் வீட்டுல தூங்கிட்டு இருந்தேன்னு சொன்னாலும் எடுபடாது, உடம்பு அங்கதான் இருந்துச்சு உருவம்தான் வந்துச்சுன்னுவாங்க. இதுக்கு யார் என்ன பதில் சொல்ல முடியும் சொல்லு? 71 வயசு ரெபெக்கா நர்ஸுக்காக அக்கம்பக்கத்துல கிட்டத்தட்ட 40 பேர் நல்லவங்கன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தாங்க, ஜூரி கூட முதல்ல குற்றவாளி இல்லன்னுதான் சொன்னாங்க, உடனே அந்தப் பொண்ணுங்க கோர்ட்ல கத்திக் கூச்சல் போட, நீதிபதிங்க ஜூரியை மறுபடி யோசிக்கச் சொல்ல, தீர்ப்பு மாறிடுச்சு. ஜூலை 19ம் தேதி தூக்கு.

இப்ப உன் கைல என்ன இருக்கு? ஸ்க்ரீன்ஷாட். எந்தத் தேதி, யாரு போட்டது, என்ன எழுதினாங்க, எல்லாருக்கும் தெரியும். தரையில விழுந்து புரண்டதை ஒரு கிளாஸே பார்த்திருக்கு. உன் புகாரை அவங்க மறுக்கலாம், விளக்கம் குடுக்கலாம், அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வரலாம், யாரையும் யாரும் தூக்குல போடப் போறதில்ல. உன் முன்னோர் பண்ணதுல தப்பு பேரை எழுதினது இல்லடா, யாராலயும் பொய்யுன்னு நிரூபிக்க முடியாத ஒண்ணை வெச்சு, திருப்பி அடிக்க முடியாதவங்க பேரை எழுதினது. இதுல கொடுமை என்னன்னா அந்த ஆவி சாட்சி டிராமாவை அப்படியே உன் கிளாஸ்ல நடிச்சுக் காட்டுறது யாரு, அவங்கதானே!

உங்க மாநிலத்துச் சட்டமும் இதை யோசிச்சிருக்கு. 2010ல மாசசூசெட்ஸ்ல புல்லியிங்கை, அதாவது ஒருத்தரை விடாம சீண்டித் துன்புறுத்துறதைத் தடுக்கன்னே சட்டம் வந்துச்சு. ஒவ்வொரு ஸ்கூலும் எழுத்துல ஒரு பிளான் வெச்சிருக்கணும், டீச்சரோ வேற ஸ்டாஃபோ பார்த்தா பிரின்சிபால்கிட்ட சொல்லியே ஆகணும், பிரின்சிபால் உடனே விசாரிக்கணும், நடந்தது புல்லியிங்தான்னு தெரிஞ்சா ரெண்டு பக்கப் பெத்தவங்களுக்கும் தகவல் போகணும். சாட்ல பண்றதும் கணக்குதான், வீட்டுல இருந்து போட்டாலும் அதனால உனக்கு ஸ்கூல்ல இருக்கவே முடியாத நிலைமை வந்தா சட்டம் அதைத் தொடும். புகார் குடுத்ததுக்காக உன்னைப் பழிவாங்கினா அது தனித் தப்பு. எனக்கு அதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற. பேர் சொல்லாமலும் புகார் குடுக்கலாம், ஆனா அந்த மொட்டைப் புகாரை மட்டும் வெச்சு எந்தப் பிள்ளை மேலயும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. தெரிஞ்சே பொய்ப் புகார் குடுத்தா குடுத்தவங்க மேல நடவடிக்கை உண்டு. இந்த ரெண்டு வரியும் 1692ல இருந்திருந்தா எத்தனை பேர் பிழைச்சிருப்பாங்கன்னு யோசிச்சுப் பாரு.

அதனால அம்மாவோட உக்காந்து ஒரு பேப்பர்ல எழுது. தேதி, இடம், என்ன நடந்துச்சு, யார் பார்த்தாங்க. அவ கெட்டவ, இவ திமிர் பிடிச்சவங்குறதெல்லாம் வேணாம், நடந்ததை மட்டும். ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் சேர்த்து பிரின்சிபாலுக்கும் கவுன்சிலருக்கும் ஈமெயில்ல அனுப்புங்க, நேர்ல மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க, எழுத்துல இருக்கணும். ஸ்கூல் பிளான்ல ஒரு காப்பி கேளுங்க. ஸ்கூல் இழுத்தடிச்சா மாநிலக் கல்வித் துறைக்கே அம்மா கம்ப்ளைன்ட் அனுப்பலாம், அதுக்குன்னு அங்க தனிப் பிரிவே இருக்கு. வயித்து வலியை டாக்டர்கிட்டயும் சொல்லு, எதனால வருதுன்னும் சேர்த்துச் சொல்லு. மனசு ரொம்ப இருட்டாகி, இருக்கவே வேணாம்னு எப்பவாவது தோணுச்சுன்னா உடனே அம்மாகிட்ட சொல்லு, இல்ல 988 ஹெல்ப்லைனுக்கு போன் பண்ணு, மெசேஜ் கூட பண்ணலாம், ராத்திரி எத்தனை மணியானாலும் ஆள் இருப்பாங்க.

இது எனக்கு வேணும்தான்னு எழுதியிருக்கியே, அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு, உன் மேல இல்ல. 1692ல ஒரு விசித்திரம் நடந்துச்சு தெரியுமா, ஆமா நான் சூனியக்காரிதான்னு ஒத்துக்கிட்டு அதுலயே நின்னவங்களைத் தூக்குல போடல. செய்யாததை செஞ்சேன்னு சொல்ல மாட்டேன்னு நின்னவங்களைத்தான் போட்டாங்க. அதனால சுத்தி இருக்குறவங்க எல்லாரும் ஒரே குரல்ல சொன்னா ஒரு ஆளு தன்னைப் பத்தியே எதை வேணா ஒத்துக்கும், அந்த வழக்குல அம்பது பேருக்குக் குறையாம ஒத்துக்கிட்டாங்க. நீ ஒத்துக்காத. பத்து தலைமுறை பின்னாடி எண்ணினா உனக்கு 1024 முன்னோர் வர்றாங்க, அப்பா பக்கம் மட்டும் 512. அதுல ஒரு கையெழுத்து. அந்தச் சின்ன ஊர்கள்ல எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம், புகார் குடுத்த வீட்டுக்கும் தூக்குல போன வீட்டுக்கும் பின்னாடி கல்யாணங்கள் நடந்துருக்கு, பாட்டியோட பேப்பரை இன்னும் கொஞ்சம் தோண்டினா குற்றம் சாட்டப்பட்ட ஒரு பேரும் உன் லிஸ்ட்லயே கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கிடைச்சா அதைக் கொண்டுபோய் கிளாஸ்ல பதிலுக்குக் காட்டாத, ப்ளீஸ். கிடைக்கலைன்னாலும் நீ நிரபராதிதான், அதுக்கு ரத்தத்துல ஆதாரம் தேட வேண்டாம்.

ஆனா அப்பா சொல்ற மாதிரி முன்னூறு வருஷக் கதை விடுன்னும் நான் சொல்ல மாட்டேன். தப்புக்கு நீ பொறுப்பில்ல, தெரிஞ்சுக்கிறதுக்கு நீ பொறுப்பு, அதை நீ ஏற்கெனவே செஞ்சுட்ட, கிளாஸ்ல எழுந்து மறைக்காம சொன்ன. உன்னை மாதிரி சிக்கினவங்க முன்னாடியும் இருந்திருக்காங்க. நீதிபதி ஜான் ஹாத்தோர்ன் கடைசி வரைக்கும் வருத்தம்னு ஒரு வார்த்தை சொல்லல, அவரோட கொள்ளுப்பேரனுக்குப் பிள்ளைதான் நதானியேல் ஹாதோர்ன்ங்குற பெரிய எழுத்தாளர், 1850ல வந்த நாவலோட முன்னுரைல என் முன்னோர் சார்பா அந்த அவமானத்தை நான் ஏத்துக்கிறேன்னு எழுதினார். இன்னொரு நீதிபதி சாமுவேல் சீவால் அவ்ளோ நாள் காத்திருக்கல, 1697ல பாஸ்டன் சர்ச்ல எல்லாரும் பார்க்க எழுந்து நின்னார், பழியும் வெட்கமும் என்னோடதுதான்னு அவர் எழுதினதைப் பாதிரியார் வாசிச்சார். புகார் சொன்ன பொண்ணுங்கள்ல முக்கியமானவ 12 வயசு ஆன் புட்னம், அவளும் 1706ல, 26 வயசுல, சர்ச்ல நின்னு மன்னிப்புக் கேட்டா, ரெபெக்கா நர்ஸ் பேரையும் அவங்க தங்கச்சிங்களையும் குறிப்பிட்டே கேட்டா. சாத்தான் என்னை ஏமாத்திட்டான்னு அதுல ஒரு வரி வரும், எனக்கு அது அரை மன்னிப்பாத்தான் படுது, சீவால் மாதிரி முழுசா இல்ல. இருந்தாலும் பொது இடத்துல அப்படி நின்ன பொண்ணு அவ ஒருத்திதான்.

உன் ஃப்ரெண்ட் பத்தி. அவளை இப்பவே எதிரி லிஸ்ட்ல போடாத. மேரி வாரன்னு 20 வயசு வேலைக்காரப் பொண்ணு, அவளும் கத்தினவங்கள்ல ஒருத்தி, நடுவுல ஒரு நாள் இதெல்லாம் நடிப்புன்னு சொல்லிட்டா. அடுத்து என்ன ஆச்சு, மத்த பொண்ணுங்க அவளையே சூனியக்காரின்னு சொல்லி ஜெயிலுக்கு அனுப்பினாங்க, பயந்து போய் மறுபடி அவங்க கூடவே சேர்ந்துட்டா, தன் முதலாளி ஜான் ப்ராக்டருக்கு எதிரா சாட்சி சொன்னா, அவரைத் தூக்குல போட்டாங்க. குரூப்புக்குள்ள இருந்துக்கிட்டு வாயைத் திறக்க எவ்ளோ பயம் இருக்கும்னு சொல்றதுக்குத்தான் இது, அவ செஞ்சது சரின்னு சொல்ல இல்ல. தனியா கூப்ட்டு ஒரே ஒரு கேள்வி கேளு: பிரின்சிபால் கேட்டா நீ பார்த்ததைச் சொல்லுவியா? பதில் என்னவா இருந்தாலும் உனக்கு ஒரு தெளிவு வந்துடும்.

அந்த இன்னொரு பொண்ணு, தூக்குல போன குடும்பத்துப் பொண்ணு. அவ வீட்டுல இந்தக் கதை வேற மாதிரி சொல்லப்பட்டிருக்கும், வலி இருக்கும், அதுக்காக உன்னை அடிக்க அவளுக்கு உரிமை கிடையாது. எல்லாம் அடங்கின பிறகு, உனக்குத் தோணினா மட்டும், பேசலாம். கம்ப்ளைன்டுக்கு முன்னாடி சமாதானம் பேசப் போகாத, ஸ்கூல்ல யாராவது ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சு கை குடுத்துக்கோங்கன்னா அம்மா வேணாம்னு சொல்லலாம்.

உன் வயசுப் பசங்க இதே விஷயத்துல என்ன பண்ணாங்கன்னு ஒண்ணு சொல்லி முடிக்கிறேன். எலிசபெத் ஜான்சன்னு 22 வயசுப் பொண்ணு, 1693ல மரண தண்டனை விதிச்சாங்க, கவர்னர் நிறுத்தி வெச்சதால பிழைச்சா. மத்தவங்க பேரையெல்லாம் 1711ல இருந்து படிப்படியா சட்டசபை துடைச்சு விட்டுச்சு, 1957ல, 2001ல கூட. இவ பேர் மட்டும் விட்டுப்போச்சு, கல்யாணம் ஆகல, பிள்ளை இல்ல, கேட்க வம்சம் இல்ல. நார்த் ஆண்டோவர்ல எட்டாம் கிளாஸ் பசங்க ஒரு ப்ராஜெக்டா எடுத்து, மாநில செனட்டர் வரைக்கும் கொண்டுபோனாங்க. 2022ல அவ பேர் சுத்தமாச்சு. அந்தப் பசங்கள்ல யாரோட ரத்தத்துல என்ன இருந்துச்சுன்னு யாரும் கேட்கல.

கேள்வி: எனக்கு உல்ட்டா பிரச்சனைங்க. ஸ்கூல்ல இருந்து போன், என் பொண்ணு இன்னும் நாலு பேரோட சேர்ந்து ஒரு பொண்ணை ஓட்டி அழ வெக்கிறாளாம். வீட்டுல அவ தங்கமான பிள்ளை. டீச்சர் மிகைப்படுத்துறாங்களோன்னு இருக்கு. — ஒரு அம்மா

பதில்: மிகைப்படுத்துறாங்களான்னு தெரிஞ்சுக்க ஒரே வழி போய் உக்காந்து முழுசா கேக்குறது, போகும்போதே வக்கீல் மாதிரி போகாதீங்க. சேலம் கதைல எல்லாரும் அந்தப் பொண்ணுங்களையே பேசுறோம், ஆனா சின்னப் பிள்ளைங்க புகார் குடுத்து கேஸ் ஆகாது, பெரியவங்கதான் கையெழுத்துப் போட்டாங்க. அதிகமா போட்டவர் தாமஸ் புட்னம், ஆன் புட்னமோட அப்பா. அந்தக் குடும்பத்துக்கும் பக்கத்து டாப்ஸ்ஃபீல்ட்காரங்களுக்கும் ரொம்ப வருஷமா நிலத்தகராறு, ரெபெக்கா நர்ஸ் பொறந்த வீடு அந்த டாப்ஸ்ஃபீல்ட்தான். பொண்ணு வாய்ல வந்த பேருங்களும் அப்பா பேசிட்டு இருந்த பேருங்களும் ஒத்துப்போச்சு. அதனால நான் கேக்குறேன்னு தப்பா எடுத்துக்காதீங்க: அந்த அழுற பொண்ணைப் பத்தியோ அவங்க வீட்டைப் பத்தியோ உங்க வீட்டு சாப்பாட்டு நேரத்துல எப்பவாவது பேச்சு வந்திருக்கா? வந்திருந்தா முதல்ல அதை நிறுத்துங்க. பொண்ணுகிட்ட "ஏன் பண்ணே"ன்னு கேட்டா "சும்மா ஜாலிக்கு"ன்னுதான் வரும், "என்ன பண்ணே, அப்புறம், அப்புறம்"னு கேளுங்க, அவ வாயாலயே முழுசா சொல்லட்டும். சாரி சொல்லச் சொல்லி அன்னைக்கே இழுத்துட்டுப் போகாதீங்க, அந்தப் பொண்ணுக்கு இவ முகத்தைப் பார்க்கவே இப்போ பிடிக்காம இருக்கலாம்.

கேள்வி: சேலம்ல சூனியக்காரிங்களை உயிரோட எரிச்சாங்கன்னுதானே எல்லாரும் சொல்றாங்க, நீங்க தூக்குன்னு எழுதியிருக்கீங்க?

பதில்: தூக்குதாங்க. இங்கிலாந்துச் சட்டப்படி நடந்த கேஸ், அங்க சூனியத்துக்குத் தண்டனை தூக்கு. 19 பேர், அதுல 14 பெண்கள், 5 ஆண்கள். ஜைல்ஸ் கோரின்னு எண்பது வயசுப் பெரியவர் வழக்கை ஏத்துக்க மாட்டேன்னு வாய் திறக்கல, அவர் மேல கல்லா அடுக்கி நசுக்கியே கொன்னாங்க. ஜெயில்லயே செத்தவங்க குறைஞ்சது அஞ்சு பேர். சாரா குட்டோட நாலு வயசுக் குழந்தையைக் கூட சங்கிலி போட்டு வெச்சிருந்தாங்க. எரிச்சது ஐரோப்பாவுல பல இடங்கள்ல, ஸ்காட்லாந்துல பெரும்பாலும் கழுத்தை நெரிச்சுட்டு அப்புறம் எரிப்பாங்க. ஸ்காட்லாந்துல 2022 மார்ச் 8ம் தேதி அப்போ ஆட்சித் தலைவியா இருந்த நிகோலா ஸ்டர்ஜன் அரசாங்கம் சார்பா மன்னிப்புக் கேட்டாங்க.

கேள்வி: இதெல்லாம் வெள்ளைக்காரங்க பழைய கதை, நம்ம நாட்டுல இப்ப இல்லையே?

பதில்: இருக்கே. ஜார்க்கண்ட்ல இதுக்குன்னே 2001ல தனிச் சட்டம் போட வேண்டி வந்துச்சு, அஸ்ஸாம்லயும் தனிச் சட்டம் இருக்கு. சூனியக்காரின்னு முத்திரை குத்தி ஊர்ல இருந்து விரட்டப்பட்ட ஜார்க்கண்ட் சுட்னி மஹாதோ, அப்புறம் தன்னை மாதிரிப் பெண்களைக் காப்பாத்துறதையே வேலையா வெச்சிக்கிட்டாங்க. அஸ்ஸாம்ல பிருபாலா ராபாவும் அதே போராட்டம்தான். ரெண்டு பேருக்கும் 2021ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. குறி வெக்கப்படுறது அங்கயும் பெரும்பாலும் விதவை, தனியா இருக்குறவ, பேர்ல கொஞ்சம் நிலம் இருக்குறவ.

கேள்வி: மகளைப் பார்க்க பாஸ்டன் போறோம். சேலம் பார்க்கணும்னு ஆசை, எதைப் பார்க்கலாம்?

பதில்: ஊர் முழுக்க சூனியக்காரி பொம்மையும் தொப்பியும்தான் இருக்கும், போலீஸ் கார்ல கூட துடைப்பத்துல பறக்குற படம், எனக்கு அது கொஞ்சம் உறுத்தும், உங்களுக்குப் பிடிக்கலாம். சார்ட்டர் ஸ்ட்ரீட் கல்லறை பக்கத்துல 1992ல வெச்ச நினைவிடம் இருக்கு, தூக்குல போன 19 பேர், ஜைல்ஸ் கோரி ஒவ்வொருத்தருக்கும் ஒரு கல் பெஞ்சு, பேரும் தேதியும் செதுக்கியிருப்பாங்க. நீதிபதி ஹாத்தோர்ன் கல்லறையும் அந்த வளாகத்துலயேதான். தூக்குல போட்ட இடம் ப்ராக்டர்ஸ் லெட்ஜ்னு 2016லதான் உறுதி பண்ணாங்க, ஒரு மருந்துக்கடைக்குப் பின்னாடி இருக்குற சின்ன மேடு, 2017ல அங்கயும் நினைவிடம் வந்துடுச்சு. நேரம் இருந்தா டான்வர்ஸ்ல ரெபெக்கா நர்ஸ் வீடு. அக்டோபர்ல மட்டும் போகாதீங்க, ஹாலோவீன் கூட்டத்துல பார்க்கிங் தேடியே பொழுது போயிடும்.